எட்டாம் நம்பர் மலை வல்லாரை

தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரியில், நாங்கள் ஸ்டோர் என்போம், ஏழு வருடம் இரவு வேலை பார்த்தேன். ஒரு நாள் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. மூன்றாம் நாள் ஸ்டோரிலிருந்து ஆள் வந்து கேட்டபோது இனி வரமாட்டேன் என்றேன். காரணம் கேட்டான். தூக்கம் என்றேன். வேறு சொல்ல எனக்கும் தெரியவில்லை.

என் மனைவி பிரேமினி சண்டை போடவில்லை. "அப்ப சோத்த நீங்க ஆக்குங்க. நான் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போறேன்ல" என்றாள். அப்படித்தான் அடுப்பு என் கைக்கு வந்தது.

முதல் மாதம் நான் சுட்ட ரொட்டியை நாய்கூட மோந்து பார்த்துவிட்டுப் போனது. அப்புறம் பிடிபட்டது. வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் சமைக்கப் பெரிய வித்தை வேண்டியதில்லை. எந்த மாதத்தில் எது சும்மா கிடைக்கிறதோ அதைச் சமைக்க வேண்டும், அவ்வளவுதான். மழை தொடங்கினால் சௌசௌக் கொடி கூரைத் தகரம் வரைக்கும் ஏறிவிடும். காயும் கறி, கொடியின் நுனியும் கறி. கீழே இருக்கிற பணிய லயத்துப் பலா மரம் பிஞ்சு விடும்போது நாலு பிஞ்சு கேட்டு வாங்கி, மிளகை அரைத்துப் போட்டு வேக வைத்தால் இறைச்சி கேட்க மாட்டார்கள். மரத்தக்காளி பழுத்தால் தணலில் சுட்டுத் தோலை உரித்து, உப்பும் காரத்துக்குப் பச்சைக் கொச்சிக்காயும் வைத்து நசுக்கினால் ரொட்டிக்கு அது போதும். பாக்கெட் தூள் வாங்குவதை நிறுத்தினேன். மல்லியும் சீரகமும் வறுத்து நானே இடித்தேன். ஏழு வருடம் மெஷின் முன்னால் நின்றவனுக்கு, ஒரு வேலை தொடங்கி அரை மணியில் முடிந்து கையில் கிடைப்பது புதிதாக இருந்தது.

பிரேமினியோடு கொழுந்து எடுக்கும் கூட்டத்தில் ஒன்பது பேர். மேல் மலையில் வேலை இருக்கும் நாட்களில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் திரும்ப நேரம் காணாது. மலையிலேயே சாப்பிடுவார்கள். இடுப்பில் கட்டுகிற படங்கு ஒன்றை அவிழ்த்துத் தரையில் விரித்து, ஒன்பது பெட்டியையும் நடுவில் திறந்து வைப்பார்கள். யார் பெட்டியில் யாரும் கை வைக்கலாம். தன் பெட்டியைத் தனியாக மடியில் வைத்துச் சாப்பிடுகிறவள் அந்தக் கூட்டத்தில் ஒரு மாதம் தாங்க மாட்டாள்.

நான் சமைக்கத் தொடங்கிய பிறகு பிரேமினியின் பெட்டிதான் முதலில் காலியானது. அந்தக் கூட்டத்தில் மூத்தவள் நாகலெட்சுமி. வாய் அதிகம். என்னைக் கண்டால், "மாப்ள, ஸ்டோருல இருந்து யாருக்கு என்னா பிரயோசனம்? இப்பதான் நீ ஒரு ஆளு" என்பாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது என்று சொல்லித்தான் ஆக வேண்டும். நாலு மாதத்தில் என்னைப் பற்றி யாரும் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

மே மாதக் கடைசியில் பிரேமினிக்கு ஐந்து மாதம். கிளினிக்கில் மிட்வைஃப் அவளுடைய அட்டையைப் பார்த்துவிட்டு இரத்தம் குறைவு என்றார். "குளிசை தாறேன், முழுங்கச் சொல்லுங்க. ஆனா அது மட்டும் போதாது. கீரை குடுங்க. ஒவ்வொரு நாளும் குடுங்க" என்று என்னிடம் சொன்னார். பிரேமினியோ எதைத் தின்றாலும் வாந்தி எடுத்தாள். தண்ணீரைக்கூட எடுத்தாள். மூன்று மாதத்தில் நிற்கும் என்றார்கள். அவளுக்கு நிற்கவில்லை.

மழை பெய்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. வல்லாரைக்கு அதுதான் காலம். இலை கிண்ணம்போல் தடித்து, காம்பு நீண்டு இருக்கும். புதன்கிழமை காலை அவள் மலைக்குப் போன பிறகு நான் எட்டாம் நம்பர் மலைக்குப் போனேன். லயத்திலிருந்து பத்து நிமிட நடை. மலையின் குறுக்கே மழைத் தண்ணீர் ஓடக் கல் வைத்துக் கட்டிய கான் ஒன்று போகிறது. அதன் இரண்டு ஓரத்திலும் வல்லாரை பாய் விரித்ததுபோல் கிடந்தது.

நான் பை கொண்டுபோகவில்லை. கானின் தலைப்பில் ஒரு குச்சி நட்டு, அதில் வெள்ளை உரப்பை ஒன்று கட்டியிருந்தது. கிழியாத பை. சணல் கயிற்றில் இரண்டு முடிச்சு. அவிழ்க்க நேரம் பிடித்தது. இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டிய பையை ஒருவன் காரணத்தோடுதான் கட்டியிருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. லயத்தில் நல்ல உரப்பை கிடைத்தால் யாரும் விட மாட்டார்கள். மழைக்குத் தலையில் போடலாம், விறகு கட்டலாம், கதவடியில் போடலாம். அவிழ்த்து உதறி, அதற்குள்ளேயே வல்லாரையைப் பறித்துப் போட்டேன். பாதிப் பை நிறைந்தது.

வீட்டில் மூன்று தண்ணீரில் கழுவினேன். வேரை வெட்டி எறிந்துவிட்டு, இலையையும் காம்பையும் கட்டாகப் பிடித்து மயிர்போல் மெல்லிசாக அரிந்தேன். சின்ன வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், இடித்த மாசிக் கருவாடு, அப்போது துருவிய தேங்காய், உப்பு. கடைசியில் தேசிக்காய் பிழிந்து கையால் பிசைந்தேன். இந்தச் சம்பலுக்கு நெருப்பே வேண்டாம். உப்புப் பார்க்க ஒரு பிடி தின்றேன். சரியாக இருந்தது. உரப்பையை அலசிக் கொடியில் காயப்போட்டேன்.

பன்னிரண்டு மணிக்குச் சோறும் பருப்பும் சம்பலும் மேல் மலைக்குக் கொண்டுபோனேன். ஒன்பது பேருக்கும் காணும்படி பெரிய பெட்டியில் அடைத்திருந்தேன். படங்கு விரித்திருந்தது.

"வந்துட்டாருடி சமையக்காரரு" என்றாள் நாகலெட்சுமி. மூடியைத் திறந்து மோந்தாள். "அட, வல்லார. எங்கடா கெடச்சிச்சு இவ்வளவு?"

"தெரிஞ்சா நீங்க போய் மொத்தமா புடுங்கிருவீங்க."

"புடுங்காம? ஒங்கப்பன் வீட்டு மலையா அது?"

பிரேமினி சாப்பிட்டாள். முதலில் நுனி விரலால் எடுத்தாள். அப்புறம் கை நிறைய எடுத்தாள். வாந்தி வரவில்லை. தனுஜா என்கிற சின்னப் பெண், "அக்கா, எங்களுக்கும் வைங்க" என்று பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். பிரேமினி திரும்ப இழுத்துக்கொண்டாள். நான் நின்று பார்த்துவிட்டு, பெட்டி காலியானதும் இறங்கி வந்தேன்.

வீட்டு வாசலில் செல்லசாமி நின்றுகொண்டிருந்தார். தோட்டத்தில் மருந்து அடிக்கிற ஆள். ஐம்பது வயது. எனக்கு மாமா முறை. கொடியில் காய்ந்த பையை ஒரு கையால் பிடித்திருந்தார்.

"மாப்ள, இது எங்கயிருந்து வந்திச்சு?"

"எட்டாம் நம்பர்ல கெடந்திச்சு மாமா. ஒங்களதா? எடுத்துக்கங்க."

"கெடந்திச்சா, கட்டியிருந்திச்சா?"

"கட்டியிருந்திச்சு."

"ஏண்டா அவுத்த?"

"கீர புடுங்கப் போனேன். பை இல்ல."

அவர் பையைக் கையிலிருந்து விட்டார். "எந்தக் கீர? எங்க புடுங்குன?"

"கான் ஓரமா. வல்லார."

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன்.

"அது அடையாளம்டா. மருந்து அடிச்ச மலைக்குக் கட்டுற அடையாளம். நேத்துப் பின்னேரம் கான் ஓரம் பூரா ரெண்டு டேங்கி அடிச்சேன். புல்லு சாகுற மருந்து."

"பச்சையா இருந்திச்சே மாமா."

"மறுநாள் பச்சையாத்தாண்டா இருக்கும்! மஞ்சளாக ஒரு கெழமை, ஏழு நாளு போகும். இது தெரியாதா ஒனக்கு?"

தெரியாது. மலையில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். என் அப்பா ஸ்டோர் ஆள், நானும் ஸ்டோர் ஆள். கொழுந்து லொறியில் வந்து இறங்கிய பிறகுதான் எங்களுக்குத் தேயிலையோடு பழக்கம். வெள்ளைப் பை கட்டிய மலைக்குள் கால் வைக்கக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் எதையும் கேட்டதில்லை.

மேல் மலைக்கு நான் ஓடியது நினைவில் இல்லை. போய்ச் சேர்ந்தபோது அவர்கள் கூடையை மாட்டிக்கொண்டு தேயிலை நிரையில் நின்றார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன். ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. பை என்றேன், அடையாளம் என்றேன், மருந்து என்றேன்.

நாகலெட்சுமி சிரித்தாள். "கறி நல்லா இருக்குன்னு சொன்னதுக்கா மாப்ள இப்பிடி ஒரு கத?"

நான் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பு நின்றது. தனுஜா கூடையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தேயிலைச் செடிக்குப் பின்னால் ஓடித் தொண்டைக்குள் விரலை விட்டாள். அதைப் பார்த்து இன்னும் இருவர் அப்படியே செய்தார்கள். ஒருத்தி அழத் தொடங்கினாள். நாகலெட்சுமி என்னைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். முழுதாகச் சொன்னாள். அது எனக்குச் சேர வேண்டியதுதான்.

பிரேமினி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். "எத்தன மணிக்குப் புடுங்குனீங்க?" என்று கேட்டாள்.

"எட்டு, எட்டரை."

"கழுவுனீங்களா?"

"மூணு தடவ."

அவள் செடியோரம் குனிந்தாள். வாந்தி எடுக்க முயன்றாள். தினமும் கேட்காமல் வருகிற வாந்தி அன்றைக்கு வரவில்லை.

கொழுந்துக் கணக்கு எழுதி வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளை முத்துலிங்கம் மேலே பாதையில் இருந்து இறங்கி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முதலில் கேட்ட கேள்வி, "வேற யாருகிட்டயாவது சொன்னீங்களா?" என்பது. அப்புறம்தான் கொழுந்து லொறியைக் கூப்பிட்டார். நிறுக்காத கொழுந்து மூட்டைகளின் மேல் ஒன்பது பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். நான் பின்னால் தொங்கிக்கொண்டு போனேன். டவுன் ஆஸ்பத்திரியில் இறங்கினோம்.

டாக்டர் இளைஞர். சிங்களத்தில் கேட்டார், நான் சிங்களத்தில் சொன்னேன். மருந்தின் பெயர் கேட்டார். வாசலில் செல்லசாமி சொல்லியிருந்த பெயரைச் சொன்னேன். இலையில் ஒட்டியிருக்கக்கூடிய அளவு பெரிதாக இருக்காது, பெரும்பாலும் வயிற்றோடு போய்விடும், மற்ற எட்டுப் பேரையும் பின்னேரம் வரை வைத்துப் பார்க்கலாம் என்றார். பிரேமினியைக் காட்டி, "இவரை இரண்டு நாளாவது வார்டில் வைக்க வேண்டும். இரத்தம் எடுக்க வேண்டும், ஸ்கேன் பார்க்க வேண்டும்" என்றார். நானும் தின்றதைச் சொன்னேன். என்னையும் உட்காரச் சொன்னார்.

ஒரு மணி நேரம் கழித்து ஒரு த்ரீவீல் வந்தது. முத்துலிங்கமும் செல்லசாமியும் இறங்கினார்கள். செல்லசாமி தலையைக் குனிந்துகொண்டே டாக்டருக்கு முன்னால் வந்து நின்றார்.

"நான் அந்த எடத்துல அடிக்கல சார். மொதல்ல அடையாளத்தக் கட்டிட்டேன். அப்புறம் மழ வந்திருச்சு. கான் பக்கம் வரல" என்றார். முத்துலிங்கம் அதைச் சிங்களத்தில் சொன்னார்.

டாக்டர் இரண்டாம் முறை கேட்டார். செல்லசாமி இரண்டாம் முறையும் அதையே சொன்னார்.

வார்டு முழுவதும் ஒரே சத்தம். அழுதவள் சிரித்தாள். நாகலெட்சுமி எழுந்து வந்து செல்லசாமியின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "அடிக்காத மருந்துக்கு அடையாளம் கட்டி வச்சிருக்கியாடா? நான் செத்துப்போன மாதிரி எம் பிள்ளைக்குப் போன் பண்ணி அழுதுட்டேன்டா!" செல்லசாமி சிரிக்கப் பார்த்தார். உதடு மட்டும்தான் விரிந்தது.

பின்னேரம் எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். பிரேமினியையும் அனுப்பினார்கள். அடிக்காத மருந்துக்கு எதற்குப் படுக்கை?

மறுநாள் எல்லோரும் மலைக்குப் போனார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன நாளுக்கு அவர்களுக்கு அரைப் பேர், அரை நாள் சம்பளம்தான் விழுந்தது. அதற்கும் செல்லசாமியைத்தான் திட்டினார்கள். என்னை விட்டுவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து நாகலெட்சுமி பாதையில் என்னைக் கண்டு, "என்னா மாப்ள, நாளைக்கு என்னா கறி? எலி மருந்தா?" என்றாள். பெட்டி மறுபடியும் படங்கின் நடுவில் வைக்கப்பட்டது. பிரேமினி வாந்தி எடுத்தாள், மலைக்குப் போனாள், வந்து படுத்தாள். எல்லாம் பழையபடி ஆனது.

எனக்கு ஆகவில்லை. கொடியடியில் நின்றபோது செல்லசாமியின் முகம் எப்படி மாறியது என்று நான்தான் பார்த்தேன். மருந்து அடிக்காதவனுக்கு அப்படி மாறாது. மழை வந்தது என்றார். செவ்வாய்க்கிழமை எந்நேரம் மழை வந்தது? எனக்கு ஞாபகம் இல்லை. லயத்தில் நாலு பேரிடம் கேட்டேன், நாலு பேரும் நாலு நேரம் சொன்னார்கள்.

எட்டாம் நம்பர் மலை பொய் சொல்லாது. மருந்து பட்டிருந்தால் ஒரு கிழமையில் மஞ்சளாகும், படாவிட்டால் பச்சையாகவே இருக்கும். தினமும் காலையில் பிரேமினி போன பிறகு அங்கே போய் நின்றேன். குச்சியில் பை மறுபடியும் கட்டியிருந்தது. கானுக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பேன். வெள்ளி, பச்சை. சனி, பச்சை. ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்கு வந்து இரண்டு பேருக்கும் முட்டை பொரித்தேன், சிரித்துப் பேசினேன். திங்கட்கிழமை புல்லின் நுனி வெளுத்த மாதிரி இருந்தது. வெயிலாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை போகவில்லை. பயம்.

புதன்கிழமை போனேன். கானின் இரண்டு ஓரமும் மஞ்சள். நான் பறிக்காமல் விட்ட வல்லாரை முழுவதும் அரைத்த மஞ்சள் பூசினதுபோல் கிடந்தது. காம்பு கருகி மடிந்திருந்தது. கானிலிருந்து மேலே பத்தடிக்கு ஒரு பச்சைப் புல் இல்லை. அதற்கு மேல் கோடு கிழித்ததுபோல் பச்சை தொடங்கியது. அவர் மேலே அடிக்கவில்லை. கானை மட்டும்தான் அடித்திருந்தார்.

செல்லசாமி குழாயடியில் டேங்கியைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றதும் தண்ணீரை நிறுத்தினார்.

"போய்ப் பாத்தியா?"

"ஏன் மாமா அப்பிடிச் சொன்னீங்க?"

"கணக்கப்புள்ள சொல்லச் சொன்னாரு. வயித்துப் புள்ளக்காரி கேசு, பொலிசு வரும், மருந்தடிக்கப் படிச்சதுக்கு சர்டிபிகேட் துண்டு ஒங்கிட்ட இருக்கான்னு கேப்பாங்க, ஒன்னையத்தான் புடிப்பாங்கன்னாரு. எங்கிட்ட எந்தத் துண்டுடா இருக்கு? பதினெட்டு வருசமா அடிக்கிறேன். ஒரு முகமூடி குடுத்திருக்கானுங்களா?"

"பிரேமினி வயித்துல புள்ள மாமா."

"தெரியும்டா. அதுக்கு ஒண்ணும் ஆகலையே. ஆச்சா?" அவர் என்னைப் பார்க்காமல் கேட்டார். "நீயும் பேசாம இரு. அடையாளத்த அவுத்தவன் நீ. மறந்திராத."

மறக்கவில்லை. பேசாமல் இருக்க எனக்கும் ஆசைதான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பெட்டி நடுவில் இருக்கிறது. நாகலெட்சுமி சிரித்துப் பகிடி பண்ணுகிறாள். வாயைத் திறந்தால் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியும் இனி என் கையால் தின்ன மாட்டாள். அங்கிருந்து மேல் மலை வரைக்கும் நான் யோசித்தது அதைத்தான், குழந்தையை அல்ல. அதை நினைத்தால் இப்போதும் எனக்கே அதிர்ச்சியாக இருக்கிறது.

பத்து மணி. கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். முத்துலிங்கம் தராசுக்குப் பக்கத்தில் நின்றார். பிரேமினியின் கூடை தராசில் தொங்கியது.

"செல்லசாமி மாமா சொன்னது பொய்" என்றேன். "மருந்து அடிச்சிருக்கு. இப்பதான் பாத்துட்டு வாறேன். வல்லார பூரா செத்துக் கெடக்கு."

போன முறை அழுதார்கள், திட்டினார்கள். இந்த முறை ஒன்பது பேரும் முத்துலிங்கத்தைப் பார்த்தார்கள்.

"டேய், வேல நேரத்துல வந்து..." என்று அவர் தொடங்கினார்.

"ஒனக்குத் தெரியுமா?" நாகலெட்சுமி கேட்டாள். அவரை நீ என்று யாரும் அதுவரை சொன்னதில்லை. "ஒனக்குத் தெரிஞ்சுதான் அவனக் கூட்டிக்கிட்டு வந்தியா?"

"அம்மா, எல்லாரும் நல்லாத்தானே இருக்கீங்க. ஒரு தும்மலாவது வந்திச்சா?"

தனுஜாதான் முதலில் கூடையைக் கழற்றி வைத்தாள். அப்புறம் ஒவ்வொருத்தியாக வைத்தார்கள். பிரேமினி தராசில் தொங்கிய தன் கூடையை எடுத்து, உள்ளே இருந்த கொழுந்தை முத்துலிங்கத்தின் காலடியில் கொட்டினாள். கோபமாகக் கொட்டவில்லை. சோற்றுப் பானையைக் கவிழ்ப்பதுபோல் மெதுவாகக் கொட்டினாள்.

யாரும் லொறியைக் கேட்கவில்லை. மெயின் ரோட்டுக்கு நடந்து பஸ் ஏறினோம். பஸ்ஸில் பிரேமினி நாகலெட்சுமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கு அவளுடைய பின்மண்டை மட்டும் தெரிந்தது.

அதே டாக்டர். நான் சொல்லி முடித்ததும் பேனாவை வைத்தார். அன்றைக்கே வைத்திருக்க வேண்டும், ஏழு நாள் போய்விட்டது என்றார். பிறகு பிரேமினியைப் பார்த்து, அவருக்குத் தெரிந்த தமிழில், "எவ்வளவு சாப்பிட்டது?" என்று கேட்டார்.

"எல்லாரவிட நெறைய" என்றாள்.

ஸ்கேன் பார்த்தார்கள். குழந்தையின் நெஞ்சு துடிக்கிறது என்றார். வளர்ச்சி சரியாகத்தான் தெரிகிறது, ஆனால் இப்போது அதற்குமேல் எதுவும் தன்னால் சொல்ல முடியாது என்றார். இரண்டு நாள் வார்டில், பிறகு இரண்டு கிழமைக்கு ஒரு முறை. பிறக்கும் வரைக்கும் அப்படித்தான். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். செல்லசாமியின் முகத்தைப் படித்ததுபோல் இவருடைய முகத்தைப் படிக்க முடியவில்லை.

பின்னேரம் பிரேமினி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"ராவைக்கு என்னா கொண்டாரட்டும்? ரசம் வச்சு, சோறு..."

"வேணாம்."

"வெறும் கஞ்சியாவது?"

"வேணாங்க." திரும்பாமலே சொன்னாள். "கடையில பாண் வாங்கிட்டு வாங்க. வெட்டி, கவர்ல போட்டு விப்பாங்கல்ல, அது. கவரப் பிரிக்காமக் கொண்டாங்க."

கீழே பேக்கரிக் கடைக்குப் போய் வாங்கி வந்தேன். அவள் எழுந்து உட்கார்ந்து கவரை வாங்கினாள். ஒட்டிய வாயை விரலால் தடவி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவளே கிழித்துச் சாப்பிட்டாள்.